சந்தனமாரி வாசிக்காமல் விட்டவை

அலவாய்ப்பட்டினத்தில் உப்பு பேசத் தொடங்கியது ஒரு சித்திரை மாதச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு, அதாவது வட்டாரச் செய்தி முடிந்து நாகசுரம் தொடங்குவதற்கு முன்னால் வானொலியில் எப்போதும் விழுகிற அந்த நாலைந்து நொடி மௌனத்தில். ஊரில் இருந்த எல்லா அடுப்படிகளிலும், ஜாடியில் இருந்த உப்பும் சட்டியில் இருந்த உப்பும் மரவையில் இருந்த உப்பும், பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சுவரோடு சாய்ந்திருந்த சாக்கு உப்பும், சந்தனமாரியின் குரலில், அன்று அவள் வாசிக்காமல் விட்ட ஒரே ஒரு செய்தியை வாசித்தன.

"கீழ அளத்தில் மோட்டார் வயர் அறுந்து விழுந்து தங்கபுஷ்பம் என்ற தொழிலாளி, வயது முப்பத்துநான்கு, நேற்று இறந்தார். வயரை மாற்றக் கோரித் தொழிலாளர்கள் மூன்று முறை மனுக் கொடுத்திருந்தனர்."

அவ்வளவுதான். பிறகு நாகசுரம் வந்தது. என் மனைவி சொர்ணம் கஞ்சியில் போட அள்ளிய உப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏங்க, நீங்க எழுதுன நோட்டீசை உப்பு வாசிக்குது."

"தெளிவா வாசிக்குதா?"

"ஒரு எழுத்து விடல."

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு நான் பல் துலக்கப் போனேன். எனக்கு ஆச்சரியமில்லை. முப்பது வருஷமாக உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் பெயரால் நான் எழுதிக் கொடுத்த செய்திகளில் பாதியை வானொலி நிலையத்துச் செய்தி ஆசிரியர் ஞானசிகாமணி சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார். தங்கபுஷ்பத்தின் சாவை அவர் அடிப்பதையும் முந்தின நாள் சாயங்காலம் அவருடைய மேசைக்கு எதிரிலேயே நின்று பார்த்தேன். மனுஷர்கள் சொல்ல மறுத்ததை ஒருநாள் கல் சொல்லும், மண் சொல்லும் என்று நானே எத்தனையோ கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன். உப்பு சொல்லும் என்று மட்டும் சொல்லியிருக்கவில்லை.

சந்தனமாரியை முதலில் சொல்ல வேண்டும். அவள் எங்கள் உப்பளக் குடியிருப்பில் பிறந்தவள். அவளுடைய அம்மா தலையில் உப்புப் பெட்டி சுமந்தவள், சங்கத்தில் பெயர் பதிந்த முதல் பெண்களில் ஒருத்தி. பத்தொன்பது வயதில் சந்தனமாரி எங்கள் மே தினக் கூட்டத்தில் தீர்மானங்களை வாசித்தாள். அதற்கு முன்னால் என் தீர்மானங்கள் எல்லாம் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அவள் வாசித்தபோதுதான் அவற்றில் இருந்த நியாயம் எனக்கே கேட்டது. நிலையத்தில் குரல் தேர்வு வைத்தார்கள் என்று கேள்விப்பட்டு அவளே போய் வாசித்துக் காட்டினாள், தேறினாள், ஒன்பது வருஷம் தற்காலிக அறிவிப்பாளராக உர விலையும் காணாமல்போன மாடும் சொன்னாள், பிறகு காலைச் செய்திக்கு வந்தாள். அப்போது நிலைய அதிகாரி, "சந்தனமாரின்னா கிராமத்துப் பேரா இருக்கும்மா, சந்தியான்னு வெச்சுக்குவோமா?" என்று கேட்டாராம். இவள், "எங்கம்மா ரேடியோவத் திறந்து வெச்சுக்கிட்டு யாரைத் தேடுவா சார்?" என்று கேட்டாளாம். அதனால் தினமும் காலை ஆறு நாற்பத்தைந்துக்கு, மாடி வீடுகளிலும் முடிதிருத்தகங்களிலும் அளத்து முதலாளிகளின் பூஜையறை வாசல்களிலும், "செய்திகள், வாசிப்பது சந்தனமாரி" என்ற குரல் வந்தது. உப்பு சுமந்தவளின் மகள் பெயரை அந்த வீடுகள் தினமும் ஒரு தடவை கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. இதில் எனக்கு இருந்த கர்வத்தை நான் மறைக்கவில்லை. அவளை நிரந்தரமாக்கச் சொல்லி நிலையத்து வாசலில் பதினோரு நாள் சங்கத்தை உட்கார வைத்தவன் நான். அதற்குப் பிறகு நான் கேட்டு அவள் மறுத்தது எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் வேலைக்கு ஒரு முறை வைத்திருந்தாள். ஐந்தரைக்கு நிலையத்துக்கு வருவாள், வெந்நீரில் மிளகைத் தட்டிப் போட்டுக் குடிப்பாள், அன்றைய தாள்களை எல்லாம் வரிசையாக அடுக்கிச் சத்தமாகச் சுவரைப் பார்த்து வாசித்துப் பார்ப்பாள். அடித்த செய்திகளையும் எடுத்துப் போட மாட்டாள். அவை வரும்போது உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. "அடிச்சதை எதுக்கும்மா பார்க்கிறீங்க?" என்று ஞானசிகாமணி கேட்டபோது, "எழுதிக் கொண்டு வந்தவுக நடந்து வந்திருப்பாவ சார்" என்றாள். உப்புக்கு அந்தக் குரல் எப்படிப் போனது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். அவள் கைக்கு வந்து அவள் வாய்க்கு வராத தாள் எதுவோ, அது அன்று ஆறு ஐம்பத்தைந்துக்கு உப்பில் வந்தது.

ஊர் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பெண்கள் உப்பு ஜாடியை அடுப்படியிலிருந்து எடுத்து வந்து முன்னறையில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். டீக்கடைக்காரர் அகமது கனி ஒரு பித்தளைத் தட்டில் உப்பைக் குவித்து, மேலே ஈ மொய்க்காமல் வலைக்கூடை கவிழ்த்து, பெஞ்சுக்கு நடுவில் வைத்தார். பாக்கெட் உப்பு முணுமுணுத்தது, கல்லுப்பு கணீரென்று பேசியது. அதனால் பாக்கெட் உப்புக்கு மாறியிருந்த உத்தியோகஸ்தர் வீடுகள் மறுபடியும் கல்லுப்புக்கு வந்தன. ரத்த அழுத்தக்காரர்கள் டாக்டரிடம் போய், "சாப்பிடத்தான கூடாது, கேக்கலாம்லா?" என்று கேட்டு அனுமதி வாங்கினார்கள். லாரியில் வடக்கே போன எங்கள் உப்பு, மொழி தெரியாத ஊர்களின் சமையலறைகளிலும் காலையில் பேசியதாகவும், அங்கே உள்ள பெண்கள் அதை அடுப்புச் சத்தம் என்று நினைத்து வேலையைப் பார்த்ததாகவும் டிரைவர்கள் வந்து சொன்னார்கள். அளத்து முதலாளி ஒருவர் வீட்டில் இரண்டு நாள் உப்பில்லாமல் சமைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மருமகள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சென்னையிலிருந்து ஒரு குழு வந்து உப்பைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து எடுத்துப் போய், ஆராய்ந்து, அது சாப்பிடத் தகுந்த உப்புதான் என்று அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை ஞானசிகாமணி அடித்தார். மறுநாள் உப்பே அதை வாசித்தது.

அதோடு ஊரில் ஒரு பேச்சு வழக்கும் வந்தது. யாராவது ஏதாவது சொன்னால், "வாசிச்சதா, உப்பு சொன்னதா?" என்று கேட்டார்கள். கல்யாணத் தரகர் மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை என்று சொன்னாலும் இதே கேள்விதான். வாசித்தது என்றால் சிரிப்பார்கள், உப்பு சொன்னது என்றால் தலையை ஆட்டுவார்கள்.

அந்த நிலைமையை ஒரு கொள்கையாக ஆக்கியவன் நான். ஆனி மாதத்தில் ஒரு துண்டறிக்கை போட்டேன். "வாசித்தது அவர்களுடையது, விட்டது நம்முடையது" என்று தலைப்பு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றவர்கள் புத்தகத்தில் படித்ததை எல்லாம் நான் கூட்டத்து வாசலில் கொடுக்கிற நாலு பக்கத் தாள்களில் படித்தேன், அதனால் நாலு வார்த்தையில் ஒரு விஷயத்தை முடிக்கத் தெரியும், முடித்த பிறகு அதற்கு மேல் யோசிக்கத் தெரியாது. அந்த நாலு வார்த்தையை அளத்தில் பெண்கள் உப்பு வாரும்போது பாட்டாகப் பாடினார்கள்.

பிறகு எல்லாரும் தங்கள் செய்தியை அடிக்கச் சொல்லி வந்தார்கள். கோயில் கொடை நடத்துகிறவர்கள் வந்தார்கள், சர்ச் அசன விருந்துக்காரர்கள் வந்தார்கள், புதிதாக ஜவுளிக்கடை திறந்தவர் ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஞானசிகாமணியிடம் வந்தார். வாழ்நாள் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மனுஷன் சிவப்புப் பென்சிலைச் சட்டைப்பையில் மூன்றாகச் செருகிக்கொண்டு நடந்தார். கடைசியில் அதிகாரிகளின் சுற்றுப்பயணச் செய்திகளே "அடிக்கவும்" என்ற குறிப்போடு வர ஆரம்பித்தன. புரட்டாசியில் ஒருநாள் சந்தனமாரி வாசிக்க இரண்டே செய்தி மிச்சம் இருந்தது. பத்து நிமிடத்தை நிரப்ப அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு விட்டு, மழை அளவை இரண்டு தடவை வாசித்தாள். அவள் குரல் தளர்வதை நான் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். அகமது கனி பெட்டியின் சத்தத்தைக் குறைத்தார், உப்புக்கு நேரமாகிறது என்று.

அன்று நான் நிலையத்துக்குப் போனபோது அவள் வேப்பமரத்தடியில் தனியாக நின்றாள்.

"உன் குரலைத்தான மாரி ஊரே கேக்குது" என்றேன்.

"நான் வாசிக்க வந்தவ அண்ணாச்சி. விடுறதுக்கு வந்தவ இல்ல. விடுறதுக்கு ஒரு ஆளு எதுக்கு? நாற்காலிய வெச்சாப் போதும்."

"இது நம்ம ஆயுதம்லா."

"உங்க ஆயுதம். எனக்குத் தொண்ட."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தங்கபுஷ்பம் செத்த அதே கீழ அளம். சுமந்து குவித்த உப்பை லாரியில் ஏற்ற விட மாட்டோம் என்று நாற்பது பேர் உப்பு அம்பாரத்தைச் சுற்றிக் கூரை போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களை நடத்தியவன் அருளப்பன், என் கூடவே இருபது வருஷம் கொடி பிடித்தவன், என்னைவிடச் சத்தமாகக் கோஷம் போடுகிறவன், ஆனால் என் பெயரைச் சொல்லாமல் ஒரு கோஷமும் போடாதவன். முதல் வாரத்திலேயே வானொலியில் ஒரு மழை எச்சரிக்கை வந்தது. கடல் ஏறும், கீழ அளத்தில் யாரும் இருக்க வேண்டாம் என்று. சந்தனமாரி வாசித்தாள், ஆட்கள் கலைந்தார்கள், மழையும் வரவில்லை, கடலும் ஏறவில்லை, ஆனால் பன்னிரண்டு லாரி வந்து உப்பை ஏற்றிக்கொண்டு போனது. அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. நான் மறுநாள் அம்பாரத்தின் மேல் ஏறி நின்று, "இனிமேல் வாசிச்சதை எவனாவது நம்புனா அவன் சங்கத்துக்காரன் இல்ல" என்று சொன்னேன். அருளப்பன் அதைக் கோஷமாக்கினான். மிச்சம் இருந்த அம்பாரத்தைச் சுற்றி மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

கார்த்திகை எட்டாம் தேதி. இரண்டு நாளாகத் தூறல் விடவில்லை. காலை ஆறரைக்கு நான் நிலையத்தில் இருந்தேன், அன்று எழுதிய செய்தியோடு. ஏழரைக்கு எனக்குப் பேச்சுவார்த்தை. என் முப்பது வருஷச் சங்க வேலையில் முதல் தடவையாக மாவட்ட அதிகாரி என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேச அழைத்திருந்தார், நான் வெளுத்த சட்டை போட்டிருந்தேன். ஞானசிகாமணி தொலைபேசியில் எடுத்த ஒரு செய்தியைத் தட்டச்சு செய்து சந்தனமாரியின் மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் தொலைபேசிக்கு ஓடினார். அதில் கோடு இல்லை. அவள் வாசித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது, ஒன்பது மணிக்குள் கடல்நீர் தாழ்வான உப்பளங்களுக்குள் புகும், அங்கே தங்கியிருப்பவர்கள் உடனே மேட்டுப்பகுதிக்குப் போக வேண்டும்.

"இது நெசம் அண்ணாச்சி. காத்தப் பாருங்க."

"நெசந்தான்" என்றேன். எனக்கும் தெரிந்தது. ஜன்னல் கதவு தானாக அடித்துக்கொண்டிருந்தது.

"இப்பம் என்ன செய்ய? நான் வாசிச்சா அங்க ஒருத்தரும் அசைய மாட்டாவ. நீங்கதான அப்படிச் சொல்லி வெச்சிருக்கிய."

"அப்பம் வாசிக்காத. விடு. உப்பு சொல்லும். உப்பு சொன்னா ஓடிருவானுவ."

அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கடிகாரத்தில் ஆறு நாற்பத்தொன்று.

"ரெண்டுல ஒண்ணுதான் அண்ணாச்சி. வாசிச்சிட்டா உப்பு சொல்லாது."

"அதான் சொல்லுதேன். விடு."

"நாலு மைல்தான. சைக்கிள்ல நீங்க போய்ச் சொல்லுங்களேன். நான் வாசிச்சிருதேன், நீங்களும் போயிச் சொல்லுங்க. நீங்க சொன்னா அருளப்பண்ணன் கேக்கும்."

கேட்டிருப்பான். நான் ஒரு விரலை அசைத்தால் போதும், நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். ஆனால் நான் போய்ச் சொன்னால் போராட்டத்தை என் வாயால் கலைத்தவன் ஆவேன். பன்னிரண்டு லாரி மறுபடியும் வரும். மழைக்குப் பயந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போன மாசிலாமணி என்று ஊர் சொல்லும். ஏழரைக்கு அந்த நாற்காலியில் நான் கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார வேண்டும். உப்பு சொல்லிக் கலைந்தால் அது யாருடைய தோல்வியும் இல்லை. இவ்வளவையும் நான் அந்த மூன்று நிமிடத்தில் நினைத்தேன். அவளிடம் சொன்னது வேறு.

"ஏழு மாசமா ஒரு நாள் தவறிருக்கா? உனக்காகப் பதினோரு நாள் இந்த வாசல்ல உக்காந்த ஆளுவ மாரி அவனுவ. அவனுவ உசுரு. விடுன்னா விடு."

அவள் எழுந்து ஒலிபரப்பு அறைக்குள் போனாள். செய்திகள், வாசிப்பது சந்தனமாரி. கைத்தறிக் கண்காட்சி வாசித்தாள், நகராட்சிக் குழாய் வாசித்தாள். அந்தத் தாளை அடியில் வைத்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தத் தாளுக்கு வந்தபோது அவள் உதடு அசைந்தது. செய்திகள் நிறைவடைந்தன என்றாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போனேன்.

உப்பு பேசவில்லை.

நாங்கள் உப்புக்காரர்கள். பிறந்தது முதல் உப்பில் நிற்கிறவர்கள். மழைக்காலத்தில் உப்பு ஈரம் வாங்கிக் கசியும் என்பது எங்கள் குடியிருப்பில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். ஐப்பசி பிறந்ததும் ஜாடியில் ஒரு பிடி அரிசியைப் போட்டு வைக்கிறவர்கள் எங்கள் பெண்கள். அவ்வளவு பேரில் ஒருவருக்கும், சித்திரையில் பேச ஆரம்பித்த உப்பு கார்த்திகையின் முதல் பெருமழையில் என்ன செய்யும் என்று தோன்றவில்லை. ஊர் முழுக்க அன்று ஆறு ஐம்பத்தைந்துக்கு உப்பு ஜாடிகளில் நீர் கோத்து நின்றது, அவ்வளவுதான். கீழ அளத்தில் இருந்து பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள்: தார்ப்பாயை விலக்கி அம்பாரத்தில் காதை வைத்துக் கேட்டார்களாம். உள்ளே சொட்டுச் சொட்டாக நீர் வடிகிற சத்தம். வேறொன்றும் இல்லை. அருளப்பன் நிமிர்ந்து, "இன்னைக்கு விட்ட செய்தி ஒண்ணும் இல்ல போல. அப்பம் நல்ல நாளுதான்" என்று சொல்லி டீக்கு அடுப்பு மூட்டச் சொன்னானாம்.

எட்டே முக்காலுக்குக் கடல் வந்தது. முப்பத்தைந்து பேர் பனைகளைப் பிடித்தும் மோட்டார் கொட்டகை மேல் ஏறியும் தப்பினார்கள். ஐந்து பேர் தப்பவில்லை. அம்பாரம் முழுவதும் கரைந்து போனது. அருளப்பனை மூன்றாம் நாள்தான் எடுத்தோம்.

பிறகு உப்பு காய்ந்தது. காய்ந்தும் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. நேரம் தாண்டிவிட்டால் உப்புக்கும் அது பழைய செய்தி.

விசாரணை நடந்தது. தாள் கிடைத்தது, அதில் சிவப்புக் கோடு இல்லை, ஞானசிகாமணி தப்பித்தார். ஏன் வாசிக்கவில்லை என்று சந்தனமாரியைக் கேட்டார்கள். "என் முடிவு" என்றாள். யாராவது சொன்னார்களா என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை. நான் அந்த அறையில் மூன்றாவது வரிசையில், இறந்தவர்கள் தரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எழுந்து நின்றிருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன்.

அவளைச் செய்தியிலிருந்து எடுத்து, பழைய ஒலிநாடாக்கள் அடுக்கியிருந்த அறைக்கு மாற்றினார்கள். ஊர் அவள் வீட்டு வாசலில் உப்பைக் கொட்டியது. சங்கம் என்ன சொல்லப்போகிறது என்று எல்லாரும் கேட்டார்கள், சங்கம் ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது, சங்கத்தில் எழுதத் தெரிந்தவன் நான். "ஐந்து உயிரை விழுங்கிய மௌனம்" என்று இரண்டு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய எல்லாவற்றிலும் நன்றாக அமைந்தது அதுதான். எல்லா வரியும் சரியாக விழுந்தது. அதை வாசித்துவிட்டு அருளப்பன் பெண்சாதி மிக்கேலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றிலிருந்து நான் பயந்தேன். சந்தனமாரி சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது, அது என் பெயர். அதை உப்பு சொல்லிவிடும் என்று தினமும் ஆறு ஐம்பத்தைந்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சொர்ணத்துக்குத் தெரியாமல் ஜாடியில் தண்ணீர் ஊற்றினேன். "யாருங்க உப்புல தண்ணி விடுதது?" என்று அவள் தினமும் கேட்டாள், அவள் சாகிற வரைக்கும் அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உப்பு சொல்லவே இல்லை. செய்திக்குப் புதிதாக வந்தவர்கள் வாசித்தார்கள், அடித்தது அடித்தபடி போனது, உப்பு உப்பாக இருந்தது. ஐந்தாறு வருஷத்தில் ஊர் அதை மறந்தது. சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லையே என்கிறார்கள்.

இருபத்தாறு வருஷம். சங்கத்தில் எனக்கு மாலை போட்டு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். சந்தனமாரி ஓய்வு பெற்று, குடியிருப்பிலேயே அம்மா இருந்த வீட்டில் தனியாக இருந்தாள். போன வைகாசியில், உப்பு நன்றாகக் காய்ந்து கிடக்கிற நாளாகப் பார்த்து, சங்கத்தின் பெயர் அச்சடித்த பழைய தாளில் நான் மேலே சொன்ன அந்தக் காலையை எழுதினேன். அலங்காரம் இல்லாமல் எழுதினேன்: யார் சொன்னது, என்ன சொன்னது, ஏன் சைக்கிளை எடுக்கவில்லை, பிறகு யார் அந்தத் துண்டறிக்கையை எழுதியது. காலை ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வாசலில் போய் நின்றேன்.

அவள் மிளகு தட்டிப் போட்ட வெந்நீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் வாசிக்காத தொண்டைக்கு.

"வாங்க அண்ணாச்சி. படி உசரம், பாத்து."

இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் உட்கார்ந்தேன். சண்டை போடுவாள் என்று தயாரித்து வந்ததெல்லாம் வீணாகப் போனது.

"ஒண்ணு கேக்கணும் மாரி. உப்பு ஏன் என் பேரைச் சொல்லல?"

"தாள்ல உள்ளதத்தான சொல்லும்? உங்க பேர நான் எங்கயும் எழுதல."

"ஏன்?"

"எழுதுனா சொல்லிரும்லா."

நான் தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இதுல இருக்கு. நீ வாசிக்காத. மடிச்சு வெச்சுக்க. பத்து நிமிசம் கழிச்சு ஊரு பூரா உப்பு சொல்லட்டும். மிக்கேலம்மா வீட்டு உப்பும் சொல்லட்டும். நான் அதுக்குத்தான் வந்தேன்."

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தாளைத் தூரத்தில் பிடித்து ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். உதடு அசைகிறதா என்று நான் கவனித்தேன். அசைந்தது. அசைந்த உதட்டில் சத்தமும் வந்தது.

"செய்திகள், வாசிப்பது சந்தனமாரி."

"மாரி, வேண்டாம். வாசிச்சிட்டா..."

அவள் நிறுத்தவில்லை. முதுகை நிமிர்த்தி, எதிர்ச் சுவரைப் பார்த்து, எனக்குப் பழக்கமான அந்தக் குரலில், அறுபத்துநான்கு வயதில் ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்த குரலில், ஒவ்வொரு வரியாக வாசித்தாள். கார்த்திகை எட்டாம் தேதி காலை ஆறு நாற்பத்தொன்றுக்குச் சங்கத் தலைவர் மாசிலாமணி வானொலி நிலையத்தில் இருந்தார் என்று வாசித்தாள். புயல் எச்சரிக்கையை வாசிக்க வேண்டாம் என்று அவர் கூறினார் என்று வாசித்தாள். வெளுத்த சட்டையை வாசித்தாள், நாற்காலியை வாசித்தாள், ஐந்து பேரின் பெயரையும் வயதோடு வாசித்தாள், தன்னைப் பற்றி நான் எழுதிய துண்டறிக்கையின் தலைப்பை ஒரு சொல்லும் தடுக்காமல் வாசித்தாள். நான் எழுதியதில் இருந்த நியாயம் ஒரு காலத்தில் அவள் வாசித்துத்தான் எனக்குக் கேட்டது. அன்றும் அவள் வாசித்துத்தான் எனக்குக் கேட்டது, அதில் நியாயம் இல்லை என்பது.

"செய்திகள் நிறைவடைந்தன."

தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அலமாரியில் இருந்த கடிகாரத்தில் ஆறு ஐம்பத்து நான்கு. இரண்டு பேரும் அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜாடி திறந்துதான் இருந்தது, உப்பு வெள்ளையாக, பொருபொருவென்று காய்ந்து கிடந்தது. ஆறு ஐம்பத்தைந்து ஆனது. ஆறு ஐம்பத்தாறு ஆனது.

"ஒண்ணும் விடல அண்ணாச்சி" என்றாள். "உப்புக்கு வேல இல்ல. மிக்கேலம்மா வீடு அடுத்த தெருவுலதான இருக்கு? இப்பம் போனா இருப்பா."

"சைக்கிள் கொண்டு வரல" என்றேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நாலு மைல் இல்லலா. நடந்து போங்க."

நடந்தேன். அடுத்த தெரு. பதினாலு வீடு. மேடை இல்லாமல், மைக் இல்லாமல், எனக்குப் பதிலாகக் கோஷம் போட ஆள் இல்லாமல் அந்தத் தெருவில் நான் நடந்தது அதுதான் முதல் தடவை. மிக்கேலம்மாள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டியில் சாளை மீனைப் போட்டு, கழுவுவதற்கு ஒரு பிடி கல்லுப்பைக் கையில் அள்ளியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் போனாள். அவள் இன்னும் எனக்கு எழுந்துகொள்கிறவள்.

"எய்யா, தலைவரு காலங்காத்தால வந்திருக்கிய. எலெக்சனா?"

"இல்ல மிக்கேலம்மா. ஒரு செய்தி."

"நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? வாசிச்சதா, உப்பு சொன்னதா?" என்று கேட்டுவிட்டு, ஊரில் எல்லாரும் மறந்த அந்தப் பழைய பேச்சுக்கு அவளே சிரித்தாள்.

அவள் கையில் இருந்த உப்பை நான் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை. நான் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"உன் புருசன் செத்த அன்னைக்குக் காலையில" என்று ஆரம்பித்தேன். "ஆறு நாப்பத்தொண்ணுக்கு நான் ரேடியோ ஸ்டேசன்ல இருந்தேன்."